நாற்பது மைக்ரான்

கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்து, ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு, ஒற்றை பல்புக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். பல்பின் பிம்பத்தைச் சுற்றி வட்ட வட்டமாக, சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள் தெரியும். தட்டைக் கொஞ்சம் நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும். உண்மையில் அங்கே வட்டம் எதுவும் கிடையாது. ஸ்க்ரப்பர் எல்லாத் திசையிலும் இழுத்த ஆயிரக்கணக்கான கோடுகளில், வெளிச்சத்துக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன. மற்றவை அங்கேயே இருந்துகொண்டு தெரியாமல் இருக்கின்றன. கறுப்புக் காரின் பானட்டில் உச்சிவெயில் விழும்போது தெரிவதும் இதேதான். டீட்டெய்லிங் கடைகளில் இதற்கு ‘ஸ்வர்ல் மார்க்’ என்று பெயர். பாலிஷ் போட்டால் போய்விடும் என்பார்கள்.

அந்தப் ‘போய்விடும்’ என்ற சொல்லில்தான் எனக்குச் சிக்கல். கீறல் ஒரு பொருள் அல்ல, பள்ளம். பள்ளத்தை எப்படி எடுப்பது? பள்ளத்தைச் சுற்றியிருக்கும் மேட்டையெல்லாம் பள்ளத்தின் அடிமட்டம் வரைக்கும் இறக்கலாம். பாலிஷ் செய்வது அதைத்தான். ஒரு கீறலுக்காக அதைச் சுற்றியுள்ள நல்ல பெயின்ட்டையும் சேர்த்து மழிக்கிறோம். வாக்ஸ் போட்டால் பள்ளம் நிரம்பிச் சில வாரங்களுக்கு மறையும். நாலு தடவை கழுவினால் திரும்பி வந்துவிடும். மற்றபடி பளபளப்பு என்பது கழித்தல் கணக்கு.

இதைத் தெளிவாக எழுதி வைத்தவர்களில் ஒருவர் நியூட்டன். 1704இல் வெளிவந்த ‘ஆப்டிக்ஸ்’ நூலில், கண்ணாடியைப் பொடி போட்டுத் தேய்ப்பது மேடுகளை உடைத்து நுண்ணிய கீறல்களாக்குவதுதான், அவை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்துப்போவதைத்தான் மெருகு என்கிறோம் என்ற பொருளில் சொல்கிறார். இருநூறு ஆண்டுகள் கழித்து ஜார்ஜ் பெய்ல்பி என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் வேறு மாதிரி யோசித்தார். உலோகத்தைத் தேய்க்கும்போது அதன் மேல்தோல் திரவம் போல வழிந்து பள்ளங்களை மூடிக்கொள்கிறது என்றார். கேட்கவே அழகாக இருக்கிறது. பாடநூல்களில் பல பத்தாண்டுகள் ஓடிய கருத்து. 1950களில் ஆஸ்திரேலிய உலோகவியலாளர் லெனார்ட் சாமுவேல்ஸ் நுண்ணோக்கியில் பார்த்துக் காட்டினார்: மெருகேற்றுவதிலும் பெரும்பாலும் நடப்பது வெட்டுதான், கீறல்கள் மிக மிகச் சிறியவை, அவ்வளவே. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 0.4 முதல் 0.7 மைக்ரான். அதைவிடக் கீறல் சிறுத்துவிட்டால் ஒளி அதைப் பெரிதாகச் சட்டை செய்யாது.

ஆகவே காரின் பளபளப்புக்கு ஒரு வரலாறு எழுதினால், அது மூன்று கேள்விகளின் வரலாறாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. தேய்க்க எவ்வளவு தடிமன் இருக்கிறது? தேய்ப்பது யார் கை? அந்தத் தூசியையும் புகையையும் சுவாசிப்பது யார்?

ஆரம்பத்தில் காருக்கென்று தனி பெயின்ட் இல்லை. குதிரை வண்டிக்கு அடித்ததையே காருக்கும் அடித்தார்கள். எண்ணெயும் பிசினும் கலந்த வார்னிஷ், தூரிகையால் அடிப்பது. ஒரு பூச்சு காய நாட்கணக்கில் ஆகும். காய்ந்ததும் நுரைக்கல் பொடியும் தண்ணீரும் போட்டுக் கையால் தேய்க்க வேண்டும். பிறகு அடுத்த பூச்சு. மறுபடி தேய்ப்பு. கடைசியில் ராட்டன்ஸ்டோன் என்கிற, மாவு போன்ற சுண்ணாம்புக்கல் பொடி. இப்படிப் பல பூச்சுகள் முடிய வாரக்கணக்கில் ஆகும். அரண்மனைச் சாரட்டுக்கு அது சரிதான். ஹென்றி ஃபோர்டின் ஹைலேண்ட் பார்க் தொழிற்சாலையில் 1914இல் ஒரு சேஸிஸைக் கோக்க ஒன்றரை மணிநேரம்தான். சேஸிஸ் ஒன்றரை மணிநேரம், பெயின்ட் மூன்று வாரம் என்றால் என்ன ஆகும்?

மென்பொருள்காரனுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி: வரிசையில் நிற்பவற்றின் எண்ணிக்கை, வரத்து வேகத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் பெருக்கினால் கிடைக்கும். நாளுக்கு 1,000 கார், பெயின்ட்டுக்கு 21 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்நேரமும் 21,000 கார்கள் கூரைக்குக் கீழே, தூசி படாமல், காய்ந்துகொண்டு நிற்க வேண்டும். தொழிற்சாலையைவிடக் கொட்டகை பெரிதாகிவிடும். ஃபோர்டு இதிலிருந்து தப்பித்த வழி ஊரறிந்தது. 1914 முதல் 1925 வரை மாடல் டி கறுப்பில் மட்டும் வந்தது. கறுப்பு மலிவு, உறுதி. பல பாகங்களை அடுப்பில் சுட்டே காயவைத்துவிடலாம். எந்த நிறமும் கேட்கலாம், கறுப்பாக இருக்கும்வரை என்கிற அவர் நக்கலுக்குப் பின்னால் இருந்தது இந்தக் கொட்டகைக் கணக்கு. வண்ணம் வேண்டும், அதுவும் மூடிய உடல் கொண்ட கார் வேண்டும் என்று கேட்கத் தொடங்கிய வாடிக்கையாளர்களைக் குறிவைத்த ஜெனரல் மோட்டார்ஸுக்குத்தான் இடித்தது.

விடை வந்தது வெடிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து. பஞ்சை நைட்ரிக் அமிலத்திலும் கந்தக அமிலத்திலும் ஊறவைத்தால் நைட்ரோசெல்லுலோஸ் கிடைக்கும். முதல் உலகப் போரில் நேச நாடுகளின் துப்பாக்கிகளுக்கு டூபான்ட் நிறுவனம் கப்பல் கப்பலாக அனுப்பியது இதைத்தான். போர் முடிந்ததும் ஆலை இருக்கிறது, ரசாயனம் இருக்கிறது, வாங்க ஆள் இல்லை. 1920 ஜூலையில் டூபான்ட் ஆய்வுக்கூடம் ஒன்றில் நைட்ரோசெல்லுலோஸ் கரைசல் எதிர்பாராமல் நீர்த்துப் போனது தெரியவந்தது. வழக்கமாக அது பாகு மாதிரி இருக்கும். தெளிக்க வேண்டுமென்றால் கரைப்பானை ஏகத்துக்கும் ஊற்ற வேண்டும், அப்போது பூச்சு மெலிந்துவிடும். இப்போதோ நைட்ரோசெல்லுலோஸ் நிறையவும் இருக்கிறது, தண்ணீராக ஓடவும் செய்கிறது. அதில் நிறமிகளைக் கலக்கி, மேலும் மூன்று வருடம் பாடுபட்டு உருவாக்கியதுதான் டூக்கோ. 1924ஆம் ஆண்டு மாடலாக வந்த ஓக்லேண்ட் கார் அதை நீலத்தில் அணிந்துகொண்டு வந்தது. ‘ட்ரூ ப்ளூ’ என்று விளம்பரம் செய்தார்கள்.

டூக்கோ வேகமாகக் காயும். தூரிகையை இழுத்து முடிப்பதற்குள்ளேயே இறுகும் என்பதால் தெளித்துத்தான் ஆக வேண்டும். அதற்குத் துப்பாக்கி தயாராக இருந்தது. ஒஹாயோவின் டொலிடோ நகரில் ஆலன் டிவில்பிஸ் என்ற டாக்டர் தொண்டை நோயாளிகளுக்கு மருந்து தெளிக்கச் செய்த கருவியை, அவர் மகன் தாமஸ் பெயின்ட் தெளிக்கும்படி மாற்றியிருந்தார். வெடிமருந்து, தொண்டை மருந்துக் கருவி, இரண்டும் சேர்ந்து வாரங்களை நாட்களாக்கிவிட்டன. ஜி.எம்.மின் ஆராய்ச்சித் தலைவர் சார்லஸ் கெட்டரிங் பற்றிச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. பெயின்ட்டை அவசரமாகக் காயவைக்க முடியாது என்று சாதித்த நிபுணர் ஒருவரைச் சாப்பிட அழைத்துப்போய், உங்கள் காருக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று பேச்சுவாக்கில் கேட்டாராம். சாப்பிட்டு வெளியே வந்தால் அந்த ஆளின் கார் அதே நிறத்தில் நிற்கிறது. நடந்ததோ இல்லையோ, பொறியாளர்கள் தங்களுக்குள் சொல்லி மகிழ ஏற்ற கதை.

விளம்பரத்தில் சொல்லாத ஒன்று: துப்பாக்கியிலிருந்து வந்ததும் டூக்கோ பளபளக்காது. மங்கலாக, தோசைக்கல்லின் ஓரம் போல இருக்கும். ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால்தான் மினுங்கும். காயவைக்கும் கொட்டகை ஒழிந்தது. தேய்க்கும் கை ஒழியவில்லை. முன்பு நுரைக்கல் பொடி வைத்துத் தேய்த்த அதே வேலை, இப்போது வேறு பொடியோடு.

நம் ஊரில் இந்தப் பெயர் இன்னும் உயிரோடு இருக்கிறது. மர பீரோவுக்கோ கிச்சன் கப்போர்டுக்கோ ஸ்ப்ரே அடிப்பவர்களிடம் கேட்டால் ‘டூக்கோ அடிச்சிரலாம் சார்’ என்பார்கள். எந்தக் கம்பெனி டப்பாவாக இருந்தாலும் டூக்கோதான்.

டூபான்ட்டுக்கு ஜி.எம். வெறும் வாடிக்கையாளர் அல்ல. போர் லாபத்தில் 1917-19இல் ஜி.எம். பங்குகளில் சுமார் 23 சதவீதத்தை அது வாங்கியிருந்தது. 1920இல் பியர் டூபான்ட்டே ஜி.எம்.மின் தலைவரானார். பெயின்ட் விற்பவரும் வாங்குபவரும் ஒரே வீடு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1957இல் இந்தப் பங்குடைமை போட்டியைக் கெடுக்கிறது, கிளேட்டன் சட்டத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தபோது, வழக்கின் மையத்தில் இருந்தவை கார் பெயின்ட்டும் இருக்கைத் துணியும்தான். 1946இல் ஜி.எம். வாங்கிய பெயின்ட் வகைகளில் 67 சதவீதம் டூபான்ட்டிடமிருந்து வந்தது என்பது தீர்ப்பிலேயே இருக்கிறது. ஒரு காரின் பளபளப்பை நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது ரசனை அல்ல, பங்குச் சந்தை.

ஆனால் டூக்கோ வரலாற்றில் என்னை நிறுத்திய இடம் நீதிமன்றம் இல்லை. ராபர்ட் டன் 1929இல் எழுதிய ‘லேபர் அண்ட் ஆட்டோமொபைல்ஸ்’ என்ற நூல் டெட்ராய்ட் பக்கத்து ஆலைகளில் கறுப்பினத் தொழிலாளர்களுக்கு என்ன வேலை தரப்பட்டது என்று பேசுகிறது. வார்ப்பாலை ஒன்று. இன்னொன்று டூக்கோ தெளிப்பது. அந்த வேலை வெள்ளையரைச் சீக்கிரம் கொன்றுவிடும், அதனால் கறுப்பர்களைப் போடுகிறோம் என்று வேலைக்கு எடுப்பவர் ஒருவர் கூச்சமில்லாமல் சொல்வது அதில் பதிவாகியிருக்கிறது. அவர்களையும் கொல்லாதா என்றால், ஆயுளைக் குறைக்கும், ஆனாலும் பரவாயில்லை என்கிற தொனியில் பதில். நைட்ரோசெல்லுலோஸோடு கலந்திருந்த கரைப்பான்களின் ஆவி, நிறமியில் இருந்த ஈயம், காற்றோட்டம் போதாத அறை. 1927இல் ஜி.எம். ஹார்லி ஏர்லின் தலைமையில் ‘ஆர்ட் அண்ட் கலர்’ என்ற தனிப் பிரிவே தொடங்கியது. கார்களின் நிற அட்டைகள் பூத்துக் குலுங்கிய வருடங்கள் அவை. அந்த அட்டைகளை இணையத்தில் ஸ்கேன்களாகப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பதில்தான் நினைவுக்கு வருகிறது.

தூசியின் கதையில் கொஞ்சம் நல்ல செய்தியும் உண்டு. ஃபிலடெல்ஃபியாவில் மை வியாபாரம் செய்துகொண்டிருந்த ஃபிரான்சிஸ் ஓக்கி, உப்புத்தாள் செய்யும் 3எம் நிறுவனத்துக்கு, உங்களிடம் உள்ள எல்லா அளவு அரம்பொடிகளிலும் மாதிரி அனுப்புங்கள் என்று கடிதம் போட்டார். மை வியாபாரிக்கு எதற்கு அரம்பொடி என்று சந்தேகப்பட்டு நிறுவனம் விசாரித்தது. தண்ணீரில் நனைத்தாலும் பசை விடாத உப்புத்தாளை அவர் கண்டுபிடித்திருந்தார். 1921இல் அது ‘வெட்டார்டிரை’ என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. தண்ணீரோடு தேய்த்தால் ஈயத் தூசி பறக்காது, கீறலும் மென்மையாக விழும். கார் ஆலைகள் அள்ளிக்கொண்டன. நம் டிங்கரிங் பட்டறைகளில் ‘வாட்டர் பேப்பர்’ என்று கேட்டு வாங்குகிறார்களே, அதன் முன்னோர் இது. இந்தத் தாளைச் சோதித்துப் பார்க்க செயின்ட் பால் நகரின் பட்டறை ஒன்றுக்கு 3எம் அனுப்பிய ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர், இரண்டு நிறம் அடிக்கும் பெயின்டர்கள் ஒட்டிய தாளை உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து உரிந்து வர, அவர்கள் வாயில் வந்ததெல்லாம் திட்டுவதைக் கேட்டார். இரண்டு வருடம் மண்டையை உடைத்து 1925இல் மாஸ்கிங் டேப்பைக் கொண்டுவந்தார்.

அந்த வாட்டர் பேப்பரில் ஒட்டியிருந்தது சிலிக்கான் கார்பைடு. அதற்கு ‘கார்போரண்டம்’ என்று பெயர் வைத்தவர் எட்வர்ட் ஆச்சிசன். 1890களின் தொடக்கத்தில் மின் உலையில் அதைப் பெற்றபோது, கார்பனும் கொரண்டமும் சேர்ந்த பொருள் என்று நினைத்துவிட்டார்; அதில் கொரண்டம் இல்லை, பெயர் மட்டும் தங்கிவிட்டது. கொரண்டம் என்ற சொல்லின் வேரை ஆங்கில அகராதிகள் தமிழின் ‘குருந்தம்’ என்று காட்டுகின்றன. குருந்தக்கல் காங்கயத்துக்கு அருகே சிவன்மலைப் பகுதியில் மண்ணிலேயே கிடைத்தது. வேதியியல்படி அது அலுமினியம் ஆக்சைடு. துளி குரோமியம் சேர்ந்தால் கெம்பு. இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம். இன்றைய கார் பாலிஷ் குப்பிகளில் பெரும்பாலானவற்றில் தேய்க்கும் பொருள் அதே அலுமினியம் ஆக்சைடுதான், ஆலையில் செய்தது. கெம்பின் உறவுக்காரனைக் குழம்பாக்கிக் காரில் தேய்க்கிறோம்.

லாக்கர் காலத்தில் தேய்ப்பு வேலை ஆலையோடு முடியவில்லை. வெயில் பட்டால் பிணைப்புப் பொருள் சிதைந்து நிறமித் துகள்கள் தளர்ந்து வெளியே வரும். விரலால் தொட்டால் சாக்பீஸ் மாதிரி ஒட்டும். உரிமையாளர் வாரக் கடைசியில் அந்தச் செத்த தோலைத் தேய்த்து எடுத்தாக வேண்டும். ஒரு பெரும் சந்தையே இதில் பிறந்தது. சிகாகோவில் தொடங்கிய சிமோனிஸ் நிறுவனத்தின் பெயர் அமெரிக்க ஆங்கிலத்தில் வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. டூபான்ட்டும் சும்மா இருக்கவில்லை. பெயின்ட்டையும் விற்று, அது மங்கினால் தேய்க்க ‘நம்பர் 7’ பாலிஷையும் விற்றது. பின்னாளில் டர்டில் வாக்ஸ் என்று பெயர் பெற்ற சரக்கைச் செய்த பென் ஹிர்ஷ், பேஸ்பால் மைதானத்துக்கு வெளியே நிற்கும் கார்களில் ஒரே ஒரு மட்கார்டை மட்டும் மினுக்கிவிட்டு, உரிமையாளர் ஆட்டம் முடிந்து வரும்வரை காத்திருப்பாராம். ஒரு மட்கார்டு கண்ணாடி போல, மீதிக் கார் மங்கலாக. யாரால் அப்படியே ஓட்டிக்கொண்டு போக முடியும்? விற்பனை உத்தியாக இதை மிஞ்ச ஒன்று நான் கேள்விப்பட்டதில்லை.

அந்தக் காலத்துப் பாலிஷுக்கு ஓர் அடையாளம் உண்டு: துணியில் காரின் நிறம் ஏறும். நான் பள்ளியில் படிக்கும்போது எங்கள் தெருவில் ஒரு சிவப்பு மாருதி 800 நின்றது. வெயிலில் நின்று நின்று பானட் வெளிறி ரோஸ் ஆகிவிட்டது. டிரைவர் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை தேய்ப்பார். சிவப்பு மீண்டு வரும். வாளித் தண்ணீரும் பழைய பனியனும் செக்கச்செவேலென்று ஆகும். கார் கொஞ்சம் கொஞ்சமாகப் பனியனுக்கு இடம் மாறிக்கொண்டிருக்கிறது என்று யாரும் சொல்லத் தேவையில்லை, கண்முன்னே தெரிந்தது.

கிளியர் கோட் வந்ததும் அந்தச் சாட்சி மறைந்துவிட்டது. நிறம் அடியில் ஒரு மெல்லிய படலம், அதற்கு மேல் நிறமே இல்லாத இன்னொன்று. எண்பதுகளில் இது உலகெங்கும் வழக்கமாயிற்று. துப்பாக்கியிலிருந்து வரும்போதே கண்ணாடி போலப் பளபளக்கும், தேய்க்க வேண்டாம். புற ஊதாக் கதிரை உறிஞ்சும் ரசாயனம் அந்தப் படலத்திலேயே கலந்திருக்கும், வெளிறாது. எழுபது வருடமாகத் தேய்த்த கைகளுக்கு ஓய்வு கிடைத்திருக்க வேண்டும். ஆனால் பாலிஷ் வியாபாரம் முன்பைவிடப் பெருத்திருக்கிறது, காரணம் அந்தக் கண்ணாடித்தன்மையே. ஆழமான பளபளப்பில் சின்னக் கீறலும் துல்லியமாகத் தெரியும். அழுக்குத் துணியால் தினமும் துடைத்தால் போதும், அத்தனை வட்டங்களும் வந்துவிடும். இப்போது தேய்த்தால் துணி வெள்ளையாகவே இருக்கிறது. கழிவது தெரிவதில்லை.

எவ்வளவு இருக்கிறது கழிக்க? தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், கிளியர் எல்லாம் சேர்த்து ஆலையில் அடிப்பது 100 முதல் 150 மைக்ரான். தலைமுடி ஒன்றரை முடி கனம். இதில் கிளியர் மட்டும் சுமார் 40. வாட்டர் பேப்பர் 2000 போட்டு, காம்பவுண்ட் போட்டு, பாலிஷ் போட்டால் ஒரு சுற்றுக்குச் சில மைக்ரான் போகும். வெயிலைத் தடுக்கும் ரசாயனமும் அந்த அளவுக்குக் குறையும். விளிம்புகளில் மெஷின் கொஞ்சம் நின்றுவிட்டாலும் நிறம் தெரிந்துவிடும். வருடத்துக்கு இரண்டு முறை ‘ஃபுல் கரெக்‌ஷன்’ பேக்கேஜ் எடுப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது கேள்வியும் தீரவில்லை. பட்டறைகளில் அடிக்கும் இரண்டு டப்பா கிளியரில் இறுக்கத்தைக் கொடுப்பது ஐசோசயனேட். மூச்சில் போனால் சிலருக்கு அது நிரந்தர ஆஸ்துமாவைத் தரும்; ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் இழுக்கும். பிரிட்டனில் தொழில்வழி ஆஸ்துமாவின் முக்கியக் காரணங்களில் ஒன்றாக இதைக் கணக்கெடுக்கிறார்கள், வாகனப் பெயின்டர்கள் வெளிக்காற்று வரும் முகமூடியோடு வேலை செய்ய வேண்டும் என்கிறார்கள்.

போன வருடம் என் காரின் இடது கதவில் யாரோ சாவியால் ஒரு கோடு இழுத்திருந்தார்கள். டீட்டெய்லிங் கடையில் இருபத்திரண்டு வயதிருக்கும் ஒரு தம்பி கதவின் மேல் தடிமன் மானியை வைத்தான். 108, 104, 111. கோட்டின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தான். ‘நகம் மாட்டுதுண்ணா. கிளியரைத் தாண்டிருச்சு. இதை எடுக்கணும்னா சுத்தி எல்லாத்தையும் எடுக்கணும், அப்புறம் ஒண்ணும் இருக்காது’ என்றான். பானட்டில் இருப்பது வெறும் ஸ்வர்ல், அதை எடுத்துவிடலாம் என்று விளிம்புகளில் மாஸ்கிங் டேப் ஒட்டத் தொடங்கினான்.

‘கதவுக்கு வேற வழி?’

‘பேனல் பெயின்ட் பண்ணிரலாம். பின்னாடி அண்ணன் இருக்காரு.’

பின்னால் ஷெட்டில், தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம், ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வேறொரு காரின் பம்பருக்குக் கிளியர் அடித்துக்கொண்டிருந்தார். மூக்கின் மேல் மடித்துக் கட்டிய கைக்குட்டை. ஐசோசயனேட்டுக்குக் கைக்குட்டை இருப்பதும் இல்லாததும் ஒன்று. முகமூடி போடலாமே என்றேன். போட்டால் மூச்சு முட்டுது, வேர்க்குது, கண்ணாடி மங்குது என்று சிரித்துக்கொண்டே அடுத்த கைக்குப் போனார்.

கதவு அப்படியே இருக்கட்டும் என்று தம்பியிடம் சொன்னேன்.

‘அப்ப பானட் மட்டும் பண்ணிரட்டுமாண்ணா?’

எத்தனை மைக்ரான் எடுப்பாய் என்று கேட்டேன். மானியை மறுபடி கையில் எடுத்தான்.